மஞ்சளைத் தேடியபோது கிடைத்த செடி: ‘பார்ட்செல்லா’ பியோனி – ஒரு நிகழ்வு ஆய்வு

பியோனி என்ற பூச்செடியை வளர்ப்பவர்களுக்கு வெகுகாலம் ஒரே ஒரு குறைதான் இருந்தது. வெள்ளை இருந்தது, இளஞ்சிவப்பு இருந்தது, கருஞ்சிவப்பு இருந்தது. மஞ்சள் இல்லை. குளிர்காலத்தில் மண்ணுக்குள் அடங்கி, பனி உருகியதும் தானாக முளைத்து, யார் வீட்டு வாசலிலும் அதிகக் கவனிப்பு கேட்காமல் வளரும் சாதாரணப் பியோனியில் நல்ல அழுத்தமான மஞ்சள் கிடையாது. இன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜூன் மாதத்தில் ஒரு நர்சரிக்குள் நுழைந்தால், எலுமிச்சை மஞ்சளில் விரிந்த பூவுடன் ‘பார்ட்செல்லா’ என்று அட்டை கட்டிய தொட்டிகள் வரிசையாக இருக்கும். இந்த இரண்டு நிலைமைகளுக்கும் நடுவே ஒரு நூற்றாண்டு உழைப்பு இருக்கிறது.

அந்த ஒரு ரகத்தைத்தான் இங்கே ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். எந்த வழியாக வந்தது, ஏன் அவ்வளவு காலம் பிடித்தது, வீட்டுத் தோட்டத்தில் நட்டால் எப்படி நடந்துகொள்கிறது என்பதெல்லாம் பேச வேண்டியவை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் தேடிப்போனது நிறத்தை. ஆனால் இந்தச் செடி வீட்டுத் தோட்டங்களில் நிலைத்ததற்குக் காரணம் அதன் தண்டும் இலையும். மஞ்சள் பூவுக்காக வாங்குகிறவர்கள், பத்து வருடம் கழித்து அந்தப் புதருக்காகவே அதை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மஞ்சள் ஏன் இல்லாமல் போனது

தோட்டக்காரர்கள் பியோனியை இரண்டு கூட்டமாகப் பார்ப்பார்கள். ஒன்று பூண்டு வகை. அதன் தண்டு பச்சைத் தண்டு. இலையுதிர் காலத்தில் தரைக்கு மேலே இருப்பது முழுக்கக் காய்ந்து போகும், கிழங்கு போன்ற வேரில் இருக்கும் கண்களிலிருந்து அடுத்த வசந்தத்தில் புதிதாகக் கிளம்பும். வீட்டுத் தோட்டப் பியோனிகளில் பெரும்பாலானவை இந்தக் கூட்டத்தில் வரும் பியோனியா லாக்டிஃப்ளோராவின் பிள்ளைகள். மற்றது மரப் பியோனி. மரம் என்று பெயரே தவிர, அது ஒரு புதர். தண்டு கட்டையாகி, இலை உதிர்ந்த பின்னும் குளிரில் நிற்கும். சீனர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வளர்த்துக் கொண்டாடியது இதைத்தான்.

மஞ்சளுக்கு வேண்டிய நிறப்பொருள் லாக்டிஃப்ளோராவின் இதழ்களில் போதுமான அளவில் சேர்வதில்லை. சிவப்பையும் இளஞ்சிவப்பையும் தரும் ஆந்தோசயனின் அதில் தாராளமாக உண்டு. அழுத்தமான மஞ்சளைத் தரும் சால்கோன் வகைப் பொருள், மரப் பியோனிக் கூட்டத்தின் சில காட்டு இனங்களில்தான் இதழில் சேர்கிறது. ஆகவே லாக்டிஃப்ளோராவுக்குள்ளேயே எத்தனை தலைமுறை தேர்ந்தெடுத்தாலும் ‘பாலாடை நிறம்’ என்று சொல்லக்கூடிய ஒன்றைத் தாண்ட முடியவில்லை. சீனத்து லோயாங் நகரில் சோங் காலத்திலேயே பெயர்பெற்ற ‘யாவ் ஹுவாங்’ மரப் பியோனிகூட, மஞ்சள் என்று போற்றப்பட்டாலும், இன்றைய கண்ணுக்கு வெளிர் மஞ்சள்தான்.

பூண்டு வகையிலும் ஒரு மஞ்சள் காட்டினம் உண்டு, காக்கசஸ் மலைப்பக்கத்து பியோனியா ம்லோகோசெவிச்சி. அதை லாக்டிஃப்ளோராவோடு கலந்து 1954இல் ‘கிளேர் டி லூன்’ என்ற ரகம் பதிவானது. மெல்லிய ஒற்றை அடுக்கு, வெளிர் மஞ்சள், சீக்கிரம் பூத்துச் சீக்கிரம் உதிர்வது. எனக்கு மிகவும் பிடித்த பூ அது. ஆனாலும் வீதியில் போகிறவரை நிறுத்திப் பார்க்க வைக்கும் மஞ்சள் அது அல்ல.

யுன்னானிலிருந்து நான்சி வரை

அழுத்தமான மஞ்சளின் ஊற்று தென்மேற்குச் சீனாவின் யுன்னான் மலைகள். பிரெஞ்சுப் பாதிரியார் ஜான் மரி தெலாவே 1880களில் அங்கே செடி சேகரித்துப் பாரீசுக்கு அனுப்பினார். அவற்றில் ஒன்றைத் தாவரவியலாளர் ஃபிராஞ்சே 1886இல் பியோனியா லூட்டியா என்று விவரித்தார். அதன் பூ சிறியது, இலைகளுக்குள் தலை குனிந்து இருப்பது. நிறம் மட்டும் சந்தேகமில்லாத மஞ்சள்.

பிரான்சின் நான்சி நகரில் லெமுவான் குடும்பத்தின் நர்சரி அந்த லூட்டியாவை, பெரிய அடுக்குப் பூக்கள் கொண்ட மரப் பியோனிகளோடு கலந்தது. லைலாக், பியோனி என்று எதைத் தொட்டாலும் உலகம் முழுக்கப் பரவிய ரகங்களைத் தந்த நர்சரி அது. இன்றும் வீட்டுக்கு வீடு இருக்கும் இளஞ்சிவப்பு ‘சாரா பெர்ன்ஹார்ட்’ 1906இல் அங்கேதான் பிறந்தது. அவர்களுடைய மஞ்சள் மரப் பியோனிகளில் 1935இல் வந்த ‘ஆலிஸ் ஹார்டிங்’ நம் கதைக்கு முக்கியம். குட்டையான செடி, அடர்ந்த அடுக்கு, நல்ல மஞ்சள்.

ஆனால் லெமுவான் கலப்பினங்களுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. பூவின் பாரத்தைக் காம்பு தாங்காது. நூறு இதழ் கொண்ட மஞ்சள் பூ முகத்தைத் தரைப்பக்கம் திருப்பிக்கொண்டு இலைக்குள் கிடக்கும். பார்க்க வேண்டுமென்றால் குனிந்து, கையால் தூக்கிப் பார்க்க வேண்டும். போதாததற்கு மரப் பியோனியைப் பெரும்பாலும் ஒட்டுக்கட்டித்தான் பெருக்குவார்கள். வேர்ச்செடி மேலே முளைத்து ஒட்டுச் செடியை அடக்கிவிடும் ஆபத்தும் உண்டு. நிறம் கிடைத்துவிட்டது, வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற செடி கிடைக்கவில்லை. 1935இல் நிலைமை இதுதான்.

டோக்கியோ, 1948

மரப் பியோனியையும் பூண்டுப் பியோனியையும் கலக்க முடியாது என்பது அந்நாளில் ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். முயன்றவர்கள் பலர். காய் பிடிக்காது, பிடித்தாலும் உள்ளே பதர். இரண்டும் ஒரே பேரினம்தான் என்றாலும் வெகுதூரம் பிரிந்துபோன இரண்டு கிளைகள்.

டோக்கியோவில் தொயிச்சி இட்டோ என்பவர் அதையே விடாமல் செய்துகொண்டிருந்தார். அவர் தாயாக எடுத்தது ‘காகோடென்’ என்ற வெள்ளைப் பூண்டுப் பியோனி. தந்தையாக ‘ஆலிஸ் ஹார்டிங்’கின் மகரந்தம். ஆயிரத்துச் சொச்சம் தடவை மகரந்தம் சேர்த்த பிறகு 36 நாற்றுகள் தேறின என்பது பியோனி வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ‘மகரந்தம் சேர்த்தார்’ என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டால் அதன் பாடு தெரியாது. பியோனியில் இந்த வேலை இப்படித்தான் நடக்கும். மொட்டு விரியும் முன்பே இதழ்களைப் பிரித்து, அதன் சொந்த மகரந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுக்க வேண்டும். ஒன்று தவறினாலும் பூ தன்னோடு தானே சேர்ந்துவிடும். அதன்பின் வேறு மகரந்தம் படாதபடி உறை கட்ட வேண்டும். சூல்முடி பிசுபிசுப்பாகும் நேரம் பார்த்துத் தூரிகையாலோ விரலாலோ மஞ்சள் மகரந்தத்தைத் தடவ வேண்டும், அதையும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டு கூட்டமும் பூக்கும் காலம் சரியாகப் பொருந்தாது என்பதால், மகரந்தத்தை ஈரம் படாமல் உலர்த்திப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு பெரும்பாலான காய்கள் வெறுங்காய்.

விதை கிடைத்தாலும் அவசரப்பட முடியாது. பியோனி விதை முதலில் வெதுவெதுப்பான மண்ணில் வேர் விடும், அப்புறம் ஒரு குளிர்காலம் முழுக்கக் குளிர் பட்ட பிறகே தளிர் விடும். நாற்று பூப்பதற்கு அதன்மேல் பல ஆண்டுகள். அதுவரை இலையைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். இட்டோவின் நாற்றுகளிலும் பல தாயைப் போலவே வந்தன. சிலவற்றின் இலை மட்டும் மரப் பியோனியைப் போல ஆழமாகப் பிளந்திருந்தது.

இட்டோ 1956இல் இறந்துவிட்டார். பூக்கள் வந்தது 1960களின் முற்பகுதியில். அவரோடு வேலை செய்த ஷிகாவ் ஒஷிடா அந்தச் செடிகளை அழிய விடாமல் பார்த்துக்கொண்டார். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் ஆள் ஒஷிடாதான். கலப்பினம் செய்தவரின் பெயர் செடிகளுக்கே பெயராகிவிட்டது, ‘இட்டோ பியோனி’ என்றுதான் இன்று கடையில் கேட்கிறோம். ஆனால் பூக்காத, பூக்குமா என்றே தெரியாத நாற்றுகளுக்கு அத்தனை வருடம் களையெடுத்துக் காத்தவர் இல்லாவிட்டால் பெயர் வைக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

பசிபிக்கைக் கடந்து

நியூயார்க் பக்கத்து நர்சரிக்காரர் லூயிஸ் ஸ்மிர்னோவ் ஜப்பானியப் பியோனிகளை இறக்குமதி செய்துவந்தவர். இட்டோவின் மனைவியிடம் உரிமை பெற்று அந்தச் செடிகளை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். 1974இல் அமெரிக்கப் பியோனிச் சங்கத்தில் நான்கு ரகங்கள் பதிவாயின: ‘யெல்லோ கிரவுன்’, ‘யெல்லோ ட்ரீம்’, ‘யெல்லோ எம்பரர்’, ‘யெல்லோ ஹெவன்’. நான்கும் மஞ்சள், நான்கும் குளிர்காலத்தில் தரையோடு அடங்குபவை. முடியாது என்றது முடிந்துவிட்டது. எனினும் பூ நடுத்தர அளவு, அடுக்கும் குறைவு. சேகரிப்பாளர்கள் தேடி வாங்கினார்கள். வாசலில் வைக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குத் தோன்றும் அளவுக்கு அவை இல்லை.

அவற்றின் விதையை விதைத்து மேம்படுத்தலாமே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். சாதாரண லாக்டிஃப்ளோராவுக்கும் மரப் பியோனிக்கும் பத்துப் பத்துக் குரோமோசோம்கள், அதாவது இரண்டு தொகுதி. இந்தக் கலப்பினங்களில் ஆராயப்பட்டவை பெரும்பாலும் மூன்று தொகுதி, பதினைந்து குரோமோசோம்கள். மூன்றைச் சமமாக இரண்டாகப் பிரிக்க வழியில்லை என்பதால் நல்ல மகரந்தமோ சூலோ உருவாவது மிக அரிது. செடி ஏறக்குறைய மலடு. ஆகவே அடுத்த தலைமுறையை இட்டோ விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. ஒவ்வொருவரும் அவர் தொடங்கிய இடத்திலிருந்தே, மொட்டைப் பிரித்து மகரந்தத் தாளைப் பிடுங்குவதிலிருந்தே, தொடங்க வேண்டும்.

அப்படித் தொடங்கியவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். மிசௌரியில் டான் ஹாலிங்ஸ்வொர்த் 1984இல் ‘கார்டன் ட்ரெஷர்’ என்ற மஞ்சள் ரகத்தைப் பதிவு செய்தார். இந்த வகையில் அமெரிக்கப் பியோனிச் சங்கத்தின் தங்கப் பதக்கத்தை முதலில் வாங்கியது அதுவே, 1996இல். விஸ்கான்சினின் ஃபோர்ட் அட்கின்சன் ஊரில் ரோஜர் ஆண்டர்சன் வளர்த்த நாற்றுகளில் ஒன்றுதான் ‘பார்ட்செல்லா’. பதிவு 1986, தங்கப் பதக்கம் 2006. விஸ்கான்சின் குளிர் கடுமையானது. அங்கே திறந்த வெளியில் பிழைத்துத் தேறிய நாற்று என்பதால்தான் டொராண்டோவிலும் அதை நம்பி நடலாம்.

பதிவுக்கும் பதக்கத்துக்கும் நடுவில் இருபது ஆண்டுகள். அந்த இடைவெளிக்குக் காரணம் பெருக்கம். விதை இல்லை, இருந்தாலும் தாயைப் போல வராது. வேரைப் பிரித்துத்தான் பெருக்க வேண்டும், பிரிக்கும் அளவுக்குத் தூர் கட்ட மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும், பிரித்தால் கைவிரல் எண்ணிக்கையில் கிடைக்கும். அதனால் 1990களில் ஒரு செடி பல நூறு டாலருக்கு விற்றது. பெரிய பண்ணைகள் எண்ணிக்கையைக் கூட்டிய பிறகும், திசு வளர்ப்பு கைகூடிய பிறகும்தான் விலை இறங்கியது. இன்றும் சாதாரணப் பியோனியைவிட விலை கூடுதல்தான். ஆனால் ஆசைப்பட்ட வீட்டுக்காரர் வாங்கக்கூடிய விலை.

செடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

நன்கு வேரூன்றிய பார்ட்செல்லா 75 முதல் 90 சென்டிமீட்டர் உயரம், அதைவிடக் கொஞ்சம் கூடுதலான அகலம். பக்கவாட்டில் விரிந்து, மேலே குவிந்த ஒழுங்கான புதர். பூ 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை விரியும். வெளி இதழ்கள் அகலமாக, உள்ளே போகப் போகச் சுருக்கம் கூடி, அடியில் சின்னச் சின்னச் சிவப்புக் கீற்று. அந்தக் கீற்று முன்னோர்களிடமிருந்து வந்த அடையாளம். அடுக்கு அதிகமான பூவில் இதழை விலக்கினால்தான் தெரியும். வாசனை மெல்லியது, எலுமிச்சைச் சாயல் உள்ளது, காலையில்தான் நன்றாகத் தெரியும். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாளில் மஞ்சள் வெளிறும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு பூ சில நாள்தான் நிற்கும். ஆனால் தண்டின் நுனி மொட்டு முடிந்ததும் பக்க மொட்டுகள் தொடர்வதால் செடி மூன்று நான்கு வாரம் பூவோடு இருக்கும். சாதாரணப் பியோனி ஒரே மூச்சில் பூத்து ஒரு வாரம் பத்து நாளில் முடிந்துவிடும்.

இனி நான் சொல்ல வந்த தண்டு. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் முன்வாசலில் ‘சாரா பெர்ன்ஹார்ட்’டும் பார்ட்செல்லாவும் ஒரே பாத்தியில், ஒரு முழ இடைவெளியில் நிற்கின்றன. ஜூன் மாதத்தில் இங்கே இடி மழை சாதாரணம். அப்படி ஒரு மழை ஓய்ந்த பின் போய்ப் பார்த்தேன். சாராவின் பூக்கள் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, கம்பி வளையத்தையும் மீறித் தரையில் கிடந்தன, இதழெல்லாம் சேறு. பக்கத்தில் பார்ட்செல்லாவின் பூக்களும் நனைந்து கனத்துத்தான் இருந்தன, ஆனால் ஒன்றுகூடச் சாயவில்லை. தண்டைப் பிடித்து அசைத்துப் பார்த்தால் வித்தியாசம் கைக்கே தெரியும். சாராவின் தண்டு நீளமாக, பச்சையாக, உள்ளே நீரோடு வளையும். இதன் தண்டு குட்டை, பருமன், அடிப்பக்கம் கட்டை ஏறியது. பூவைத் தாங்கும் காம்பு இலைகளுக்குச் சற்று மேலேயே நின்றுவிடுகிறது, தலை குனிவதில்லை. முட்டுக்கொடுக்கும் வேலையே கிடையாது.

இந்த உறுதி மரப் பியோனியின் சொத்து. குளிரில் தரையோடு அடங்கிக் கண்ணைக் காப்பாற்றிக்கொள்ளும் குணம் பூண்டுப் பியோனியுடையது. வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டிய இரண்டும் இங்கே ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. இலையும் அப்படியே. சாதாரணப் பியோனியின் இலை ஆகஸ்டில் சாம்பல் நோய் பிடித்துப் புள்ளி விழுந்து அசிங்கமாகிவிடும். பார்ட்செல்லாவின் ஆழப் பிளந்த இலை பெரும்பாலும் முதல் உறைபனி வரை பச்சையாக இருக்கும். பூ ஒரு மாதம் என்றால் இலை ஐந்து மாதம். சின்ன வாசல் உள்ளவருக்கு எது முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்கார்பரோ முன்வாசல்

அந்த அக்கா அதை இலையுதிர் காலத்தில் வெறும் வேராக வாங்கி நட்டார். இடம் தென்கிழக்குப் பார்த்தது, ஆறு மணி நேரத்துக்குக் குறையாத வெயில். மண் களிமண். அந்தப் பக்கத்து வீடுகளில் வழக்கமான தலைவலி இது. குழியை அகலமாக வெட்டி, மக்கிய உரம் கலந்து, பாத்தியைக் கொஞ்சம் மேடாக்கினார். பியோனி எந்த வகையானாலும் தண்ணீர் தேங்கும் இடத்தில் வேர் அழுகிச் சாகும், அதில் இதற்கும் விலக்கில்லை. வேரின் கண்கள் மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும்படி வைத்தார். ஆழமாகப் புதைத்தால் இலை வரும், பூ வராது.

முதல் வசந்தத்தில் சாரா எல்லாம் முழங்கால் உயரம் வந்த பிறகுதான் இதன் செந்நிறத் தளிர் எட்டிப் பார்த்தது. அந்த ஆண்டு பூ இல்லை. அடுத்த ஆண்டு ஒன்றிரண்டு. மூன்றாவது ஆண்டில்தான் அவருக்குப் பொறுமை போனது.

“தம்பி, மூண்டு வருசமாப் போச்சு, நாலு பூத்தான் பூத்தது. புடுங்கிப்போட்டு ரோசா வைக்கட்டே?”

“பொறுங்கோ அக்கா. இது வேர் பிடிச்ச பிறகுதான் பூக்கும். இப்ப புடுங்கினா வேற ஆளுக்குத்தான் லாபம்.”

அவர் பொறுத்தார். ஐந்தாம் ஆண்டில் செடி முழு அகலத்துக்கு வந்து இருபதுக்கும் மேல் பூத்தது. நன்றாக முற்றிய செடி நாற்பது ஐம்பது வரை போகும். இது அவருடைய செடிக்கு மட்டும் உரிய சுபாவம் அல்ல. முழு வளர்ச்சிக்கு நான்கைந்து ஆண்டு என்பது இந்த வகையின் இயல்பு. மூன்றாம் ஆண்டில் இடம் மாற்றுவது, பிடுங்கிப் பார்ப்பது, ஆத்திரத்தில் தழைச்சத்து உரத்தைக் கொட்டுவது ஆகிய மூன்றும்தான் நான் பல வீடுகளில் பார்க்கும் கேடு. தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் கொழுக்கும். வசந்தத்தில் ஒரு கை மக்கு உரம் போதும்.

அந்த வாசலில் இரண்டாவது சோதனை நவம்பரில் வந்தது. உறைபனியில் இலை கறுத்த பிறகு, புல் வெட்ட வருகிற ஆள் எல்லாப் பியோனியையும் தரையோடு வழித்துவிட்டுப் போய்விட்டார். பூண்டு வகைக்கு அது சரியான கவாத்து. இதற்கு அல்ல. பார்ட்செல்லாவின் தண்டில் அடிப்பக்கத்துக் கட்டையை உற்றுப் பார்த்தால், மண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குள், கரும்பின் கணுவில் பரு இருப்பது போல, கூரான செந்நிறக் கண்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த வசந்தத்தில் சில தண்டுகள் அவற்றிலிருந்தும் கிளம்பும். அதனால் 10 முதல் 15 சென்டிமீட்டர் கட்டையை விட்டு மேலே வெட்டுவதுதான் முறை. கடுங்குளிரில் அந்தக் கண்கள் கருகினாலும் பயமில்லை, மண்ணுக்கடியில் இருக்கும் கண்கள் வரும். அவருடைய செடியும் அடுத்த ஆண்டு வந்தது, பூ மட்டும் கொஞ்சம் குறைந்தது. இப்போது நவம்பரில் அந்தப் பாத்தியைச் சுற்றி அவர் கயிறு கட்டிவிடுகிறார்.

எறும்பைப் பற்றி ஒரு வார்த்தை. பியோனி மொட்டில் எறும்பு ஊர்ந்தால்தான் பூ விரியும் என்று பலர் நம்புகிறார்கள், எறும்பு மொட்டைத் தின்கிறது என்று மருந்தடிப்பவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. மொட்டின் வெளிப்புறத்தில் கசியும் தேனுக்காக அது வருகிறது. பூவை வீட்டுக்குள் எடுத்து வரும்போது தட்டிவிட்டால் போதும். குடுவைக்கு வெட்டுவதானால் முதல் இதழ் பிரியத் தொடங்கும் நேரத்தில், அதிகாலையில் வெட்டுங்கள். இளஞ்செடியில் வெட்ட வேண்டாம், அதற்கு இலை தேவை.

எங்கே ஒத்துவராது

இதைப் படிக்கும் தமிழ்நாட்டு, யாழ்ப்பாணத்து உறவினர்கள் விதை அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். பியோனியின் கண் விழிப்பதற்குப் பல வாரக் குளிர் கட்டாயம் வேண்டும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அது கிடைக்காது, செடி மெல்ல இளைத்துச் சாகும். விதை விஷயம் அதைவிட மோசம். பார்ட்செல்லா விதை என்று ஒன்று வியாபாரத்தில் இருக்க வழியே இல்லை, செடியே மலடு. இணையச் சந்தைகளில் மஞ்சள் பியோனி, நீலப் பியோனி என்று படம் போட்டு விற்கும் பொட்டலங்களை வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம். நீலப் பியோனி என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது.

குளிர் நாட்டிலும் எல்லா இடத்துக்கும் இது ஏற்றதல்ல. நிழல் வாசலில் பூக்காது. பெரிய மேப்பிள் மரத்தின் வேர் பரவிய இடத்தில் தண்ணீருக்கும் சத்துக்கும் போட்டியிட்டுத் தோற்கும். வாடகை வீட்டில் இரண்டு வருடம் இருக்கப்போகிறவர் வாங்க வேண்டாம். பிரித்து நண்பருக்குக் கொடுக்கலாம் என்று நினைப்பவர்களும் யோசிக்க வேண்டும். முற்றிய இட்டோ வேர் விறகு மாதிரி இறுகியிருக்கும், மண்வெட்டியும் கத்தியும் எடுபடாது, ரம்பம் வேண்டும். பிரிப்பதானால் இலையுதிர் காலத்தில், ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது மூன்று கண்ணும் போதுமான வேரும் இருக்கும்படி அறுக்க வேண்டும். அறுத்த பிறகு திரும்பப் பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று ஆண்டு ஆகும். தேவையில்லாமல் தொட வேண்டாம் என்பதே என் கருத்து, இருபது வருடமானாலும் இருந்த இடத்திலேயே நன்றாக இருக்கும்.

நோயைப் பொறுத்தவரை பொட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை இதிலும் வரும், ஈரமான வசந்தத்தில் மொட்டு கறுத்து வாடும். சாதாரணப் பியோனியைவிடக் குறைவாக வரும், வந்தால் அந்தத் தண்டை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும், மக்குக் குழியில் போடக்கூடாது.

வாங்கப் போகிறவருக்கு

இரண்டு வழி. வசந்தத்தில் தொட்டிச் செடி, அல்லது செப்டம்பர்–அக்டோபரில் வெறும் வேர். தொட்டியில் பூவை நேரில் பார்த்து வாங்கலாம் என்பது பெரிய வசதி, ரகம் மாறிப்போகும் பயமில்லை. ஆனால் காசுக்கு வேர்தான் கட்டுபடியாகும், இலையுதிர் காலத்தில் நட்ட வேர் குளிருக்கு முன்பே மண்ணைப் பிடித்துவிடும். வேர் வாங்கினால் மூன்று முதல் ஐந்து கண் இருக்கிறதா, வேர் மெத்தென்று அழுகாமல் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைக் கண் வேரை மலிவு என்று எடுத்தால் கூடுதலாக இரண்டு வருடம் காத்திருக்க வேண்டிவரும்.

அடர்ந்த அடுக்குப் பூ பிடிக்காதவர்கள் ‘கார்டன் ட்ரெஷர்’ பார்க்கலாம். அடுக்கு குறைவு, நடுவில் சிவப்புக் கீற்று நன்றாகத் தெரியும், புதர் இன்னும் பரவும், அதனால் சுற்றிலும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் இடம் விட வேண்டும். ஆண்டர்சனின் நாற்றுகளிலேயே ‘கேனரி பிரில்லியண்ட்ஸ்’ பாதாமி கலந்த மஞ்சள், தினம் கொஞ்சம் நிறம் மாறும். ஒரே ஒரு செடிக்குத்தான் இடமிருக்கிறது, வேறு நிறம் கலக்காத மஞ்சளே வேண்டும் என்றால் பார்ட்செல்லாவையே எடுங்கள். நடும்போது வாசற்கதவிலிருந்து பார்த்தால் ஆகஸ்டிலும் அந்த இலை கண்ணில் படுகிற இடமாகத் தேர்ந்துகொள்ளுங்கள்.